வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் அடிக்கடி கேட்பவை: புரோக்கர், அட்வான்ஸ், பாக்கி, காலி செய்தல்

சென்னை மடிப்பாக்கத்தில் மாடியும் கீழுமாக இரண்டு வீடுகளைப் பத்தொன்பது ஆண்டுகளாக வாடகைக்கு விட்டுவருகிறேன். உறவுக்காரர்கள் நான்கு பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுச் சாவிகளும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கின்றன. மாதத்தில் இரண்டு பேராவது போன் செய்து ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் அல்ல. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும். அந்த அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கிறது. சட்டம் என்று வருமிடங்களில் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைச் சொல்கிறேன். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தோடு போய்விட்டது.

புரோக்கர் இல்லாமல் வீட்டை விட முடியாதா?

தாராளமாக முடியும். என் கீழ் வீட்டுக்குக் கடைசியாக வந்த மூன்று குடும்பங்களையும் அனுப்பிவைத்தவர் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். யார் வீடு தேடுகிறார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டில் ஓர் அட்டை, மளிகைக் கடையில் ஒரு வார்த்தை, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். ஒரே மாதிரியான அடுக்குமாடி வீடுகள் வரிசையாகக் காலியாகக் கிடக்கும் பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியிலோ, நீங்கள் ஊரிலேயே இல்லாதபோதோ புரோக்கர் உதவுவார்.

கமிஷன் எவ்வளவு? யார் தர வேண்டும்?

எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை, வழக்கம்தான் இருக்கிறது. சென்னையில் குடிவருபவரிடம் ஒரு மாத வாடகையைக் கேட்பார்கள். வீட்டுக்காரரிடமும் அரை மாதமோ ஒரு மாதமோ கேட்கிற புரோக்கர்கள் உண்டு. பேசும் முதல் நாளிலேயே தொகையைக் கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், எப்போது தருகிறீர்கள் என்பது. டோக்கன் தொகை கைமாறியதும் கமிஷன் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, சாமான் இறங்கிய பிறகே தருவேன் என்று சொல்லிவிடுங்கள். கமிஷன் கைக்கு வந்ததும் புரோக்கருக்கு உங்கள் வீட்டோடு இருந்த உறவு முடிந்துவிடுகிறது. இதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருடைய தொழில் அது. ஆறு மாதம் கழித்து வாடகை வரவில்லை என்று அவரைக் கூப்பிட்டு என்ன பயன்? அவர்தானே ஆளைக் கொண்டுவந்தார் என்று நாம் நினைப்போம். வீட்டைக் காட்டினேன், அவ்வளவுதான் என்று அவர் நினைப்பார்.

ரெரா பதிவு எண் வைத்திருக்கும் ஏஜென்ட் என்றால் நம்பலாமா?

ரெரா என்பது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அது பேசுவது மனை, வீடு விற்பனைத் திட்டங்களைப் பற்றி. ஏஜென்ட் பதிவும் அதற்காகத்தான். வாடகைக்கு ஆள் பிடித்துத் தருவதில் அவர் நேர்மையானவர் என்பதற்கு அந்த எண் சான்று ஆகாது.

சாவியை புரோக்கரிடம் கொடுத்துவைக்கலாமா?

வேண்டாம். அண்டை வீட்டாரிடம் கொடுங்கள், வாட்ச்மேனிடம் கொடுங்கள், வேறு வழியே இல்லை என்றால் புரோக்கர் கேட்கும் நாளில் மட்டும் கொடுத்து அன்றே திரும்ப வாங்குங்கள்.

மேடவாக்கத்தில் என் சித்தப்பா மகன் வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. சாவி புரோக்கரிடம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கட்ட வேண்டியது ஒன்றும் இருக்கக்கூடாது. கணக்கெடுத்தபோது 340 யூனிட் ஓடியிருந்தது. போய்ப் பார்த்தேன். சமையலறை மேடையில் டீத்தூள் கறை, குளியலறையில் பாதி தீர்ந்த சோப்பு, வரவேற்பறை மூலையில் சுருட்டிவைத்த பாய். புரோக்கர் தினக்கணக்கில் யாருக்கோ தங்கக் கொடுத்திருக்கிறார். “இரண்டு நாள்தான் சார், தெரிந்த பையன்” என்றார். அன்றிலிருந்து, காலியான வீட்டின் மீட்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாரையாவது படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். மீட்டர் பொய் சொல்லாது.

ஒரு நிறுவனம் முழு வீட்டையும் எடுத்துக்கொண்டு மாதாமாதம் வாடகையைக் கணக்கில் போட்டுவிடுவதாகச் சொல்கிறது. குடியிருப்பவர் யாரென்று நான் கவலைப்படவே வேண்டாமாம். ஒப்புக்கொள்ளலாமா?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ஏராளமான வீட்டுக்காரர்கள் விழுந்த குழி இது.

நடப்பது இப்படி. நிறுவனம் உங்களிடம் 15,000 ரூபாய் வாடகைக்கு வீட்டை எடுக்கிறது. மூன்றாம் ஆளுக்கு விட அனுமதி தரும் ஒரு வரி ஒப்பந்தத்தில் எங்கோ இருக்கும், அல்லது தனியாக ஒரு அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அடுத்து அதே வீட்டை, மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகைக்குக் குடியிருக்கும் முறையில், நம் ஊர்ப் பேச்சில் ‘லீசுக்கு’, இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். பழைய காலத்து ஒத்தி, போக்கியம் போன்றதுதான். அந்தக் குடும்பம் நகையை விற்றும் கடன் வாங்கியும் ஆறு லட்சம் ரூபாய் கொடுத்திருக்கும். மூன்று ஆண்டு முடிந்ததும் தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பது அவர்களிடம் சொன்ன கதை.

கணக்கைப் பாருங்கள். ஆறு லட்சத்திலிருந்து உங்களுக்கு மாதம் 15,000 கொடுத்தால் 40 மாதத்தில் தொகை தீர்ந்துபோகும். பிறகு அந்தக் குடும்பத்துக்குத் திருப்பித் தர எங்கிருந்து வரும்? அடுத்த வீட்டில் குடிவருபவர் கொடுக்கும் ஆறு லட்சத்திலிருந்துதான். புதிய வீடுகள் வந்துகொண்டே இருக்கும்வரை சக்கரம் சுற்றும். உண்மையில் 40 மாதம்கூடக் காத்திருக்க மாட்டார்கள். ஏழெட்டு மாதம் ஒழுங்காக வாடகை வரும், நீங்களும் நண்பர்களிடம் சிபாரிசு செய்திருப்பீர்கள். ஒன்பதாம் மாதம் கணக்கில் ஒன்றும் விழாது. போனை எடுக்க மாட்டார்கள். அலுவலகத்துக்குப் போனால் கதவில் பூட்டு.

நீங்கள் கோபத்தோடு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். ஒரு பெண்மணி கதவைத் திறந்து, “நீங்கள் யார்?” என்று உங்களைக் கேட்பார். “வாடகை தராமல் உட்கார்ந்திருக்கிறீர்களே” என்று நீங்கள் ஆரம்பித்ததும், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கும் ஒப்பந்தத்தை எடுத்துவந்து காட்டுவார். ஆறு லட்சம் பெற்றுக்கொண்டதாக அதில் கையெழுத்து இருக்கும்; அது உங்களுடையதாக இருக்காது. ஒரே நிமிடத்தில் இரண்டு பேருக்கும் புரியும், ஏமாந்தது இருவரும்தான் என்று.

அந்தக் குடும்பத்தை எதிரியாக நினைத்துப் பூட்டை உடைக்கப் போகாதீர்கள். இருவரும் சேர்ந்து போலீசில் புகார் கொடுங்கள். தொகை பெரிதாகவும் ஏமாந்தவர்கள் பலராகவும் இருந்தால் போலீசின் மத்தியக் குற்றப் பிரிவு விசாரிக்கும். வீட்டைத் திரும்பப் பெற, வக்கீல் மூலமாக வாடகை நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட வேண்டியிருக்கும்.

வராமல் தடுப்பது எளிது. வீட்டில் குடியிருக்கப்போகிறவரோடு நேரடியாக நீங்களே ஒப்பந்தம் போடுங்கள். பணம் அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வரட்டும். வீட்டைப் பராமரிக்க ஒருவரை வைத்து மாதம் ஏதாவது கொடுங்கள், தவறில்லை. கையெழுத்துப் போடும் உரிமையை மட்டும் கொடுக்காதீர்கள். யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று தெரியாத வீட்டுக்காரர், வீட்டை விட்டுக்கொடுத்த மாதிரிதான்.

குடிவருபவரைப் பற்றி எப்படி விசாரிப்பது?

ஆதார் நகலும் அலுவலக அடையாள அட்டையும் எல்லோரும் வாங்குகிறார்கள். வாங்குங்கள். சென்னையில் வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்படி போலீசார் சொல்கிறார்கள். 2012-இல் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரை, வங்கிக் கொள்ளையர்கள் என்று போலீசார் சுட்டுக்கொன்ற என்கவுண்டருக்குப் பிறகு அது தீவிரமானது. அதற்கான படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஆள் யார் என்பதைத்தான் இவை சொல்லும், வாடகை தருவாரா என்பதைச் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள, பழைய வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரிடம் கேட்காதீர்கள். ஆள் தொல்லை பிடித்தவர் என்றால், “தங்கமான மனிதர், உடனே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று அவர்தான் முதலில் சொல்வார். தலைவலி தீர்ந்தால் போதும் என்று இருப்பவர் அவர். அதற்கும் முந்தைய வீட்டுக்காரரின் எண்ணைக் கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அந்த எண்ணைத் தரக் குடிவருபவர் தயங்குகிறார் என்றால் அதுவே ஒரு பதில்.

‘பேச்சுலருக்குக் கிடையாது’, ‘இன்னாருக்கு மட்டும்’ என்று எழுதிவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு வாய்த்தவர்களிலேயே ஒழுங்கானவர்கள், மாடியில் நான்கு ஆண்டு இருந்த மூன்று நர்ஸுகள். ஒன்றாம் தேதி காலை பணம் வந்துவிடும். எனக்குப் பட்டை நாமம் சாத்தியவர் குடும்பஸ்தர்; வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றும் வீடு.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?

பத்து மாத வாடகை வாங்குவது சென்னையின் பழைய வழக்கம். 2017 சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். அட்வான்ஸ் வந்ததும் பெயின்ட் அடிக்கவும் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் செலவழித்துவிட்டு, பழையவர் காலி செய்யும்போது புதியவர் தரும் அட்வான்ஸை எடுத்துக் கொடுக்கலாம் என்று இருப்பார்கள். புதியவர் கிடைக்கத் தாமதமானால், “பணம் கொடுங்கள், சாவி தருகிறேன்” என்று பழையவர் உட்கார்ந்துவிடுவார். அப்போது பாக்கிதாரர் அவரல்ல, நாம். அந்தத் தொகையை நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் போதாதா?

பதினொரு மாதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்னும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து. சார்பதிவாளர் அலுவலகச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த குறுக்குவழி அது. புதிய வாடகைச் சட்டத்தில் கணக்கு வேறு. பதினொரு மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரிதான் வாடகை ஆணையர். விண்ணப்பத்தை இணையத்திலேயே அனுப்பலாம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் முத்திரைத்தாளில் அடித்து, பீரோவில் பூட்டிவைத்த ஒப்பந்தத்தோடு வாடகை நீதிமன்றத்தின் படியேறினால், பதிவு எண் எங்கே என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

வாடகை உயர்வு எப்போது, எத்தனை சதவீதம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வாசலில் நின்று பேரம் பேசும் சங்கடம் இருக்காது.

வாடகை ஒவ்வொரு மாதமும் தள்ளிக்கொண்டே போகிறது. ஆள் நல்லவர்தான். என்ன செய்ய?

மேலே சொன்ன குடும்பஸ்தரின் கதையைச் சொல்கிறேன். முதல் ஏழு மாதம் ஐந்தாம் தேதிக்குள் வந்தது. எட்டாம் மாதம் பன்னிரண்டாம் தேதி. அடுத்த மாதம், “கம்பெனியில் சம்பளம் தாமதம் சார், அடுத்த வாரம் முழுதாகத் தந்துவிடுகிறேன்” என்று 5,000 மட்டும் அனுப்பினார். எனக்குச் சங்கடம், வற்புறுத்தவில்லை. அதற்கடுத்த மாதம் 4,000. இடையில் ஒருநாள் அவர் மனைவி கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? வாட்ஸ்அப்பில் நான் எழுதியதெல்லாம் “பார்த்துச் செய்யுங்கள்” என்ற ஒரே வரிதான். எது எந்த மாதத்துக்கு வந்த பணம், பாக்கி எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. இப்படித் தள்ளிப்போக ஆரம்பித்த ஆறாவது மாதம் உட்கார்ந்து பேசியபோது என் கணக்கில் 61,000, அவர் கணக்கில் 38,000. இரண்டையும் நிரூபிக்க வழியில்லை. கடைசியில் அட்வான்ஸில் கழித்து, மீதியைத் தலைமுழுகினேன்.

இப்போது நான் செய்வது இது. பத்தாம் தேதி தாண்டியதும் ஒரு செய்தி: “ஜூன் மாத வாடகை வரவில்லை. மொத்த பாக்கி இவ்வளவு.” குறைத்து அனுப்பினால் உடனே பதில்: “5,000 கிடைத்தது. மே மாதக் கணக்கில் வைத்திருக்கிறேன். இன்னும் வர வேண்டியது இவ்வளவு.” கோபமும் இல்லை, குழைவும் இல்லை. கொழுக்கட்டை வந்தால் சாப்பிடுகிறேன், செய்தியும் போகும்.

இரண்டு மாத பாக்கி சேர்ந்துவிட்டால் வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைத் தராவிட்டால், வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. கையில் இருப்பது மூன்று மாத அட்வான்ஸ். இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ் காலம் ஒரு மாதம், அதோடு அட்வான்ஸ் சரி. வழக்கு நடக்கும் மாதங்களெல்லாம் உங்கள் கையிலிருந்து போகிறவை. அதனால்தான் இரண்டாம் மாதமே நோட்டீஸ் என்கிறேன். நல்லவராக இருந்தால் நோட்டீஸ் கண்டதும் பேச வருவார்.

“அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்கிறாரே?

காலி செய்யும் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி மாதத்துக்குக் கேட்டால் சரி. தேதி இல்லாமல் கேட்டால், இனி வாடகை தரப்போவதில்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறார்.

தண்ணீரை நிறுத்தினால், ஃபியூஸைப் பிடுங்கினால் தானாகப் போய்விடுவாரே?

தொடவே தொடாதீர்கள். தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், கழிவுநீர் இணைப்பு போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. குடியிருப்பவர் வாடகை ஆணையத்துக்குப் போனால், திரும்பக் கொடுக்கும்படி உங்களுக்கு உத்தரவு வரும். ஆறு மாத பாக்கிதாரர் ஒரே நாளில் பாதிக்கப்பட்டவராகிவிடுவார். அடியாள் வைத்துச் சாமானை வெளியே தூக்கிப் போடுவதும் அப்படியே; சிவில் விவகாரமாக இருந்ததைக் கிரிமினல் வழக்காக்கிக் குற்றவாளிக் கூண்டில் நாமே போய் ஏறிக்கொள்வது. வீட்டைப் பார்வையிடப் போவதற்குக்கூட ஒரு நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டு குடியிருந்துவிட்டால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடுமா?

ஆகாது. எதிரிடை அனுபவத்துக்கு, அதாவது பிறர் சொத்தை அனுமதியில்லாமல் நெடுங்காலம் அனுபவித்து உரிமை கோருவதற்கு, உரிய பன்னிரண்டு ஆண்டுக் கணக்கை யாரோ வாடகைக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள். உங்கள் அனுமதியோடு, உங்களுக்கு வாடகை கொடுத்துக் குடியிருப்பவர், நீங்கள் உரிமையாளரே அல்ல என்று பேச முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 116-ஆவது பிரிவிலேயே இருந்த கொள்கை இது. வாடகை வந்ததற்கான வங்கிக் கணக்கும் ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும்.

குழாய் ஒழுகினால் யார் செலவு?

இந்தச் சண்டைக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே பதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கீசர் பழுது, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவருடையவை. ஆக, பெயின்ட் செலவுக்கென்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் சென்னை வழக்கம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் நிற்கும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

வரி. இங்கே வசிக்கும் வீட்டுக்காரருக்கு மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான், குடியிருக்கும் தனிநபர் 2 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த வரம்பே கிடையாது. வாடகை 12,000 ஆனாலும் 30 சதவீதமும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்க வேண்டும். பல குடியிருப்போருக்கு இது தெரியாது, தெரிந்தால் வீடே வேண்டாம் என்று ஓடுகிறவர்களும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாடகையை என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வரும் வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வாங்குங்கள். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம், ஆடிட்டரைக் கேளுங்கள்.

காலி செய்யும் நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சாமான் லாரியில் ஏறிய பிறகு, பகல் வெளிச்சத்தில், அவரையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். குடிவந்த நாளில் எடுத்த வீடியோ கையில் இருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் வாதம் செய்யாதீர்கள். எல்லாக் குழாய்களையும் ஒரு நிமிடம் திறந்துவிடுங்கள். ஃபேன்களை ஐந்தில் வைத்துச் சத்தம் கேளுங்கள். கட்டில் இருந்த சுவரின் அடிப்பகுதி, அலமாரிக்குப் பின்பக்கம், சமையலறைத் தொட்டியின் கீழே. ஈரம் ஒளிந்திருப்பது இந்த இடங்களில்தான். ஆணி ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மனிதர்கள் வாழ்ந்தால் நாள்காட்டி மாட்டத்தான் செய்வார்கள்.

மீட்டரைப் படம் எடுத்து, அன்றைய தேதிவரை ஆன யூனிட்டுக்குக் கணக்குப் போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லையென்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் மீதியை அவர் கண்ணெதிரே கணக்கில் அனுப்பிவிட்டு, ‘வீட்டை ஒப்படைத்தேன், தொகையைப் பெற்றுக்கொண்டேன்’ என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

சாவிகளை எண்ணுங்கள். மூன்று கொடுத்திருந்தால் மூன்றும் திரும்பி வரும், நான்காவதாக அவர் போட்டுக்கொண்ட ஒன்று வேலைக்கார அம்மாவிடம் இருக்கும். கேட்டு வாங்க அலைய வேண்டாம். அன்று மாலையே பூட்டை மாற்றிவிடுங்கள்.